ஒன்பதடிப் பலகையோடு வர்க்கலைக்குப் போனது

ரெசின் ஊற்றி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்தப் பலகையை நான் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. பூசிய இடம் மெல்லக் கீழே இறங்கியது. ஈர மணலில் யாரோ குதிகாலை வைத்து அழுத்துவது போல ஒரு பள்ளம் விழுந்தது. நிரப்பிவிடலாம் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டுப் பள்ளம் ஆழமாயிற்று. ஒரு இளநீரை உள்ளே உட்கார வைக்கலாம் என்ற அளவுக்கு வந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

கொச்சித் தோப்பும்படியில் ஃபைபர் மீன்பிடி வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவது என் தொழில். இருபத்தைந்து வருடமாக அதே கொட்டகை, அதே நாற்றம். பாறையில் மோதிப் பிளந்த வள்ளமானாலும் படகு ஜெட்டியில் உரசித் தேய்ந்த வள்ளமானாலும் வைத்தியம் ஒன்றுதான். அடிபட்ட இடத்தை கிரைண்டரால் தேய்த்துச் சுத்தமாக்க வேண்டும். கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூச வேண்டும். இறுகியதும் உப்புத்தாள். என் கையில் ஒரு வேலை இப்படிக் கண்ணெதிரே உருகிப் போனது அதுதான் முதல் தடவை.

பலகை வந்து சேர்ந்தது என் மனைவி மூலமாக. அவள் மட்டாஞ்சேரியில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் பார்க்கிறாள். பிறந்தது தென்காசிப் பக்கம், கல்யாணமாகித்தான் கொச்சிக்கு வந்தாள். நான் இங்கேயே பிறந்தவன். பள்ளியில் மலையாளம் படித்த எனக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"வர்க்கலைக்காரப் பொண்ணு ஒண்ணு வந்து தங்கியிருக்கு. கடல்ல நின்னுக்கிட்டே போற பலகை ஒண்ணு வச்சிருக்கு. மங்களூர்ப் பக்கம் பாறையில இடிச்சு உடைஞ்சிருச்சாம். ஃபைபர்தானேன்னு கேட்டேன், ஆமான்னுச்சு. அப்போ எங்க வீட்டுக்காரர் சரியாக்கிருவார்னு பறஞ்சிட்டேன்."

"நான் அப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லையே."

"நாளைக்குப் பார்ப்பீங்கல்ல."

மறுநாள் அந்தப் பெண் ஆட்டோவில் வந்தாள். பலகை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. முப்பது வயது இருக்கும். வெயில் குடித்த முகம், உப்பில் வெளுத்த தலைமுடி. மீன்பிடிக்கும் குடும்பம், இப்போது வர்க்கலைக் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறாள்.

"அண்ணா, இது சரியாகுமோ?" என்றாள்.

கொச்சியில் எல்லோரும் என்னை சேட்டா என்பார்கள். திருவனந்தபுரம் பக்கத்தில் அண்ணன்தான் வழக்கம் என்று தெரிந்திருந்தாலும், மலையாளத்துக்கு நடுவே அந்தச் சொல் வந்து விழுந்ததும் ஊர்க்காரப் பெண்ணிடம் பேசுவது போல ஆகிவிட்டது எனக்கு. பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதடி நீளம். ஒரு ஆள் ஒற்றைக் கையில் தூக்கலாம். வால் பக்கம், சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒன்று பொருந்தும் இடம் பிய்ந்திருந்தது. அதை ஒட்டி ஒரு முழம் நீளத்துக்குக் கிழிசல். உட்கார இடமில்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியில்லை.

"இது எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"திரை தள்ளும்." அலையைத்தான் அப்படிச் சொன்னாள்.

"தள்ளினா கவிழாதா?"

"கவிழும். அண்ணன் ஒரு தடவை வந்து பாருங்க. பறஞ்சா மனசிலாகாது."

ஊர்க் கோயில் ஸ்வாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டுக்கு முன்னால் கிடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். அவள் போன இரண்டாம் நாள்தான் நான் ரெசினை ஊற்றினேன்.

அன்று பயந்தேனா என்றால், பயந்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், பயத்தைவிடப் பெரிதாக இருந்தது வேறொன்று. ஏன் இப்படி ஆயிற்று? வள்ளங்களின் உள்ளே வைக்கும் மஞ்சள் நுரை ரெசினைத் தாங்கும். இதுவும் அதே ஜாதி என்று நினைத்துத்தான் ஊற்றினேன். குழியின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை நகத்தால் பெயர்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகக் குருணை. தெர்மோகோல்!

துறைமுகத்தில் தெர்மோகோலுக்கா பஞ்சம்? ஐஸ் போட்டு மீன் அனுப்பும் பெட்டி எல்லாம் அதுதான். உடைந்த பெட்டி ஒன்றை எடுத்து வந்து ஒரு சொட்டு ரெசின் விட்டேன். வெந்நீரில் சர்க்கரை போலக் கரைந்து துளை விழுந்தது. ஹார்டனரை மட்டும் விட்டுப் பார்த்தேன், பெட்ரோலை விட்டேன், பெயிண்ட் கழுவும் தின்னரை விட்டேன். எது கரைக்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று சாயங்காலம் வரை அதே வேலை. இறக்கி வைத்த வள்ளம் ஒன்று வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் எறணாகுளம் பிராட்வேக்குப் போனேன். நான் வழக்கமாக ரெசின் வாங்கும் கடைக்காரரிடம் கேட்டேன்.

"ரெசின்ல ஸ்டைரின் இருக்கு. தெர்மோகோலும் ஸ்டைரின்ல பண்ணினதுதான். ஒண்ணுல ஒண்ணு கரையாம என்ன செய்யும்? எபாக்ஸி கொண்டு போங்க, அது கரைக்காது. இத்தனை வருஷமா வாங்குறீங்க, உள்ளே என்ன இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்லையே சேட்டா?"

கேட்டதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

குழியை நிரப்ப மீன் பெட்டித் தெர்மோகோலையே கழுவிக் காயவைத்து, குழியின் வடிவத்துக்குச் செதுக்கினேன். மூன்று நாள் பிடித்தது. எபாக்ஸி வைத்து ஒட்டி, மெல்லிய கண்ணாடித் துணி சுற்றி, மறுபடி எபாக்ஸி பூசி, உப்புத்தாள் போட்டு வெள்ளையடித்தேன். முடிந்த பிறகு எங்கே ஒட்டுப் போட்டேன் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. ஆனால் தூக்கினால் கை சொல்லிவிடும். வால் கனத்துவிட்டது.

அந்தப் பெண் போன் செய்தபோது, "ரெடியாயிருச்சு" என்றேன். நடந்ததைச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மனைவி போனை வைத்ததும் கேட்டாள்.

"கெட்டுப்போனதைச் சொல்லவே இல்லையே?"

"நேர்ல சொல்லிக்கலாம்னு..."

"அப்போ நேர்லயே போவோம். நான்தானே உங்க பேரைச் சொன்னேன். நானும் வர்றேன். ஆறாட்டையும் பார்த்த மாதிரி ஆச்சு."

தெற்கே போகும் மீன் வண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. பலகையைப் பழைய போர்வையில் சுற்றிப் பெட்டிகளின் மேல் கட்டிவிட்டு, விடியும் முன்னே நாங்கள் இருவரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு கிளம்பினோம். வர்க்கலையில் இறங்கும்போது எட்டு மணி. ஊர் முழுக்கக் குருத்தோலைத் தோரணம். திருவிழாவின் கடைசி நாள், அன்றைக்குத்தான் ஆறாட்டு.

பலகையின் முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தை அவளுமாகப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினோம். சிவப்பு மண்மலை செங்குத்தாக நின்றது. அதன் காலடியில் மணல், மணலைத் தாண்டிக் கடல். ஒரு பக்கம் ஈரத்துணியோடு வரிசையாக உட்கார்ந்து செத்தவர்களுக்குப் பலி இட்டுக்கொண்டிருந்தார்கள், தமிழ்நாட்டில் திதி கொடுப்பது போல. வாழையிலைகள், எள், பச்சரிசி, காத்திருக்கும் காக்கைகள். நூறடி தள்ளி, ஏழெட்டுப் பேர் மணலில் பலகையைப் போட்டுக் குப்புறப் படுத்துக் கையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் நீச்சல்! வர்க்கலைப் பெண் அவர்கள் நடுவே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டினாள், இப்போது முடிந்துவிடும் என்பது போல.

காத்திருந்த நேரத்தில் மனைவி பலி இடும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா போய் இரண்டு வருடம். காரியமெல்லாம் ஊரில் அவள் அண்ணன் செய்துவிட்டார். வரிசையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மெல்ல எழுந்து போய், பலி இடுவிக்கும் பெரியவர் பக்கத்தில் நின்றாள்.

"சாமி, பொம்பளைங்களும் செய்யலாமா?"

"செய்யறாங்களே, காணல்லியா?"

"புருஷனுக்கு மட்டுமா? அப்பாவுக்கும் மகள் செய்யலாமா?"

"யாருக்கு வேணும்?"

"அப்பாவுக்கு."

"நட்சத்திரம் தெரியுமா? சரி. போய்க் குளிச்சிட்டு ஈரத்தோட வாங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஊரில் அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. செருப்பை என்னிடம் விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடந்தாள்.

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். போர்வையை விலக்கிப் பலகையைத் தடவிப் பார்த்து, "அய்யோ, புதுசு போல இருக்கே!" என்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். "இதை நான் கெடுத்துட்டேன்."

"எது? நல்லாத்தானே இருக்கு?"

"மேலே நல்லா இருக்கு. உள்ளே இருந்ததை உருக்கிட்டேன். மருந்து மாறிப் போச்சு."

ரெசின் ஊற்றியதிலிருந்து மீன் பெட்டி வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மணலில் முழங்கால் போட்டு, விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே காதை வைத்துப் போனாள். வால் பக்கம் வந்ததும் சத்தம் அடங்கி ஒலித்தது.

"இங்கே?"

"அங்கேதான்."

"போன்லயே பறஞ்சிருக்கலாமே, அண்ணா."

"பறஞ்சிருக்கலாம். தைரியம் வரல்ல."

"ஏழு வருஷமா இது என் கையில இருக்கு. நான் நின்னு படிச்சதே இதுலதான்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "தண்ணியில போட்டு நோக்கலாம்."

நான் கரையில் நின்றேன். ஒரு பக்கம் என் மனைவி, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, விரலில் தர்ப்பை மோதிரத்தோடு இலை முன் உட்கார்ந்து பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறு பக்கம் அந்தப் பெண் பலகைமேல் குப்புறப் படுத்து, உடையும் அலைகளைத் தாண்டித் துழாவிப் போய்க்கொண்டிருந்தாள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

வெகுதூரம் போய்ப் பலகையின் இரு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, கரைக்கு முதுகைக் காட்டிக் காத்திருந்தாள். வந்த அலைகளை ஒவ்வொன்றாகப் போகவிட்டாள். நல்ல அலை என்று எதை வைத்துச் சொல்கிறாள்? எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. திடீரென்று பலகையைக் கரைப்பக்கம் திருப்பி நாலு துழாவு துழாவினாள். அலை அவளைப் பின்னாலிருந்து தூக்கியது. ஒரே துள்ளலில் எழுந்து நின்றாள். சரியாக அப்போதுதான் என் மனைவி பிண்டத்தை இலையோடு தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, தலைக்குப் பின்னால் அதைக் கடலில் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் முங்கி எழுந்தாள். பக்கத்திலேயே ஒருத்தி தண்ணீரின் மேல் நின்றபடி போனதை அவள் பார்க்கவில்லை.

நின்றவளும் அதிக நேரம் நிற்கவில்லை. பலகை இடது பக்கம் வளைந்தது. அவள் உடம்பை வலது பக்கம் சாய்த்தாள், ஆனாலும் விழுந்தாள். மறுபடி போனாள். இரண்டாவது தடவையும் இடது பக்கம். மூன்றாவது தடவை கரை வரை வந்தாள்.

"இழுக்குது," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "வால் கனம். இடது பக்கம் கொஞ்சம் கூடுதல்."

"ரொம்பவா?"

"எனக்கு இது இனி பழைய பலகை இல்ல, அண்ணா." சொல்லிவிட்டுத் தலைமுடியைப் பிழிந்தாள். நான் மணலைப் பார்த்தேன். அவள் பலகையை மணலில் கிடத்தினாள். "ஆனா படிக்க வர்றவங்களுக்கு ஆகும். கனம் இருந்தா அவங்களுக்கு நல்லது, சீக்கிரம் ஆடாது. அண்ணன் ஏறி நோக்குங்க."

"நானா?"

"கெடுத்தது எப்படி இருக்குன்னு தெரியண்டாமா?"

எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் அது காயல் நீச்சல். இத்தனை வருடம் வள்ளங்களைத் தட்டிக் கொட்டியவன் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அவளுடைய அலைச்சறுக்குப் பள்ளியிலிருந்து ஒரு அரை டிராயரை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஈரத்தலையோடு வந்த மனைவி என்னைப் பார்த்து, "அம்பத்திரண்டு வயசுல இதென்ன கோலம்?" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்பாவுக்குச் செய்துவிட்டு வந்த கண் சிவந்துதான் இருந்தது, இருந்தும் சிரித்தாள்.

நெஞ்சளவு தண்ணீரில் அந்தப் பெண் பலகையைப் பிடித்துக்கொள்ள, நான் குப்புறப் படுத்தேன். "எழுந்து நிக்கண்டா. கெட்டியாப் பிடிச்சாப் போதும்," என்றாள். ஒரு அலை வந்தது, அதை விட்டாள். இன்னொன்றையும் விட்டாள். மூன்றாவதற்கு, "இது!" என்று தள்ளிவிட்டாள்.

பாரம் ஏற்றிய தள்ளுவண்டியோடு பாலத்து ஏற்றத்தில் திணறும்போது யாரோ ஒருவர் பின்னாலிருந்து கைகொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு தள்ளல். ஆனால் அது ஓயவில்லை. பலகை என் நெஞ்சுக்குக் கீழே விர்ரென்று நடுங்கியது. கரை என்னை நோக்கி ஓடி வந்தது. சத்தமெல்லாம் பின்னால் போயிற்று. பாதி வழியில், இடது இடுப்புக்குக் கீழே மெல்ல ஒரு இழுப்பு. ஒட்டுப் போட்ட இடம் எதுவென்று என் உடம்புக்கு அப்போது துல்லியமாகத் தெரிந்தது. இன்னும் அரை விரல்கடை தெர்மோகோல் வைத்திருக்க வேண்டும், எபாக்ஸியைக் குறைத்திருக்க வேண்டும். அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணலில் போய் முட்டினேன். வாயெல்லாம் உப்பு. நான் சிரித்துக்கொண்டிருந்ததாக மனைவி பிறகு சொன்னாள்.

"மனசிலாச்சா?" என்று ஓடி வந்து கேட்டாள் அந்தப் பெண்.

"ஆச்சு. பசையைத் தாராளமா ஊத்திட்டேன். அடுத்த தடவை கனம் வராது."

"அடுத்த தடவையா? பள்ளியில உடைஞ்சது ஆறு கிடக்கு. நோக்குறீங்களா?"

"நான் இதுவரைக்கும் தொட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கெடுத்தாச்சு."

"அதனாலதான் கேட்கிறேன்," என்றாள். "அண்ணன் இனி ரெசின் ஊத்த மாட்டீங்கல்ல."

மத்தியானம் முழுக்க அந்த ஆறு பலகைகளையும் தட்டிப் பார்த்து, எதில் தெர்மோகோல், எதில் மஞ்சள் நுரை என்று பிரித்து வைத்தேன். அவள் வாங்கித் தந்த சாயாவும் பழம்பொரியும் ஆறிப்போயின.

வெயில் தாழ்ந்தபோது மேலே செண்டை மேளச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் தண்ணீர் ஓரம் போய் விசில் ஊதினாள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். ஸ்வாமி கடலில் இறங்கும்போது பலகை எதுவும் தண்ணீரில் இருக்கக் கூடாது. யாரும் உத்தரவு போட்டதல்ல, தாங்களே வைத்துக்கொண்ட பழக்கம் என்றாள். எல்லோரும் பலகைகளை மணலில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வெள்ளைக்காரர் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் கேட்டார். ஸ்வாமி குளிக்க வருகிறார் என்று யாரோ சொன்னதும் அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார்.

கூட்டம் கடற்கரையை நிறைத்தது. குடைகளும் தீவட்டிகளும் வந்தன, பிறகு விக்கிரகத்தைத் தாங்கிக்கொண்டு கோயில் தந்திரிகள் அலைக்குள் இறங்கினார்கள். முக்கி எடுத்ததும் ஜனங்கள் அப்படியே தண்ணீரில் விழுந்தார்கள். மனைவி மூன்று முழுக்குப் போட்டாள்.

காலையில் பலி இடுவித்த பெரியவர் உலர்ந்த வேட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் பிடித்திருந்த பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுக்குள்ள என்ன?"

"தெர்மோகோல், சாமி."

"அவ்வளவுதானா? பத்து வருஷமா தினம் பார்க்கிறேன். நான் மரம்னுல்ல கருதினேன்."

"கேட்டிருக்கலாமே?"

"நான் என் வேலை, அவங்க அவங்க வேலை. எப்படிப் போய்க் கேட்கிறது?" என்றார். கேட்டுவிட்டதில் அவருக்குச் சந்தோஷம் என்று முகத்தில் தெரிந்தது. இன்னொரு தட்டுத் தட்டிவிட்டுக் கூட்டத்தோடு போனார்.

எறணாகுளம் ரயிலில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. கொல்லம் தாண்டியதும் மனைவி கேட்டாள், "அலை தள்ளுறப்போ எப்படி இருந்துச்சு?"

தள்ளுவண்டி என்று ஆரம்பித்தேன். அது சரியாக வரவில்லை. வேறு எப்படியோ சொல்லிப் பார்த்தேன், அதுவும் சரியில்லை. நான் கையைக் காலை ஆட்டிக் காட்டியதைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"விடுங்க," என்றாள் அவள். "அடுத்த தடவை நானே ஏறிப் பார்த்துக்கிறேன்."

ஆறு பலகைகளும் அடுத்த மாதம் மீன் வண்டியிலேயே தோப்பும்படிக்கு வந்தன. ஐந்தை நன்றாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறாவது நடுவே முறிந்திருந்தது; இது என்னால் ஆகாது என்று இந்த முறை போனிலேயே சொல்லிவிட்டேன். அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மழைக்காலம் தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. மனைவி சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அந்தப் பெண் தள்ளிவிட, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா முருகா" என்று கத்திக்கொண்டே கரை வரை வந்தாள். வந்து சேர்ந்ததும் எழுந்து மூக்கைச் சிந்தினாள். பலகையைத் திருப்பிக் கடலைப் பார்க்க வைத்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"மோளே, இன்னொண்ணு."